இருட்டில் தீட்டிய படம்

அன்புள்ள அம்மா,

இதை அப்பாவிடம் காட்டாதே; படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் இருமல் குறைந்ததா? நான் நலம்தான்.

பீங்கான் தட்டில் பூப்போடக் கற்றுவரத்தான் என்னைப் பாரிசுக்கு அனுப்பினீர்கள். ஆனால் மூன்று மாதமாகப் பள்ளி விட்டதும் ஓவியக்கூடத்துக்குப் போகிறேன். சென்ற வாரம் இரவு எட்டரை மணிக்கு ஆற்றங்கரையில் படம் போட உட்கார்ந்தேன். ஜூன்தானே, வடகோடியில் நம் துரோம்சோவைப்போல விடியவிடிய வெளிச்சம் இருக்கும் என்ற நினைப்பு. பாதியில் இருட்டிவிட்டது. நீங்கள் எவ்வளவு தொலைவில் இருக்கிறீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அழுதுகொண்டே, எந்தச் சாயம் என்று தெரியாமலே தீட்டி முடித்தேன். காலையில் பார்த்தால் ஆறு ஊதா, படகுக்காரர் முகம் பச்சை!

"ஏண்டி தோர்தீஸ், உங்க ஊர்ச் சூரியன் கூடவே வரும்னு நெனச்சியா?" என்று தோழிகள் சிரித்தார்கள். ஓவியக்கூட ஆசிரியர் சிரிக்கவில்லை. "இதைத் திருத்தாதே பொண்ணு. இத்தனை நாளா எங்களைப் பார்த்து வரைஞ்சே. இது வடக்கேயிருந்து வந்தவ மட்டும் போடக்கூடிய படம்."

அடுத்த மாதக் கண்காட்சியில் அதை மாட்டுகிறார்கள். என் பெயர் அச்சில் வந்தால் அப்பாவுக்குத் தெரிந்து, என்னை ஊருக்கே திரும்ப அழைத்துக்கொள்வார். பெயர் போடட்டுமா அம்மா?

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. இரவு பதினொரு மணிக்கு நம் சமையலறை மேசை என்ன நிறம் என்றும் எழுது. அங்கே இருந்தவரை நான் கவனித்ததே இல்லை.

விடுதி அம்மா கதவைத் தட்டுகிறார். "தோர்தீஸ், இன்னும் விளக்கு எரியுதா?"

பதிலை ஓவியக்கூடத்துக்கே அனுப்பு; விளக்கை அணைக்கிறேன்.