நரி தாண்டிய வேலி

கமராப் பையைத் துப்புரவாக்கும்போது உங்கள் கையுறை அகப்பட்டது, அண்ணை. குளிரில் பொத்தானை அமர்த்த வசதியாக இருக்கட்டும் என்று சுட்டுவிரல் நுனியைக் கத்தரித்து, வீட்டில் ஏச்சு வாங்கினீர்களே, அந்தப் புதுக் கையுறைதான்.

நாம் இருவரும் எடுக்கத் தொடங்கியது நகரத்து விலங்குகளைப் பற்றிய ஒரு சின்ன ஆவணப்படம். குடியேறியவர்கள் நெருக்கியடித்து வாழும் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனையும், பெரிய வீடுகள் உள்ள அயல் ஊரையும் பிரிக்கும் நீண்ட கம்பிவேலிக்கும், ஆட்கள் நடந்துபோக அதில் வைத்த படலைக் கதவுக்கும் வந்ததும் படம் திசைமாறிவிட்டது. வெள்ளையர் எங்கே, மற்றவர்கள் எங்கே என்று இந்த மொன்றியல் நகரம் எப்படிப் பிரிந்தது என்பதை நீங்கள் நூலகங்களில் தேடினீர்கள். நரி எங்கே என்று நான் நச்சரித்தேன்.

நரி வந்தது. பனி கரையும் ஒரு காலையில், வேலிக்கு அடியில் குழிந்த மண் வழியே உடலைத் தட்டையாக்கிக்கொண்டு தாய் நரி அங்கால், பெரிய வீடுகளின் பக்கம் போனது. பின்னால் நான்கு குட்டிகள். கடைசிக் குட்டி பாதி வழியில் படுத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே இப்படியொரு குடும்பம் வாழ்கிறதே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீங்கள் அழுதீர்கள். பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னீர்கள்.

"வந்த புதுசிலை இந்தப் படலையடியிலை அடையாள அட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், தங்கச்சி. ஆரும் வந்து பாஸ் கேப்பினம் எண்டு நினைச்சன். ஒருத்தரும் வரேல்லை. திரும்பி வந்திட்டன்."

அங்கே நம் நாட்டில், போர்க்காலத்தில் ஊர்விட்டு ஊர் போகப் பாஸ் என்ற அனுமதிச்சீட்டைக் காட்டிய பழக்கம். இங்கே படலை திறந்துதான் கிடந்தது. ஆனாலும் முப்பது வருடம் நீங்கள் அதைத் தாண்டவேயில்லை, கமராவோடும் இங்காலேயே நின்றீர்கள். சொல்லி முடித்த பிறகுதான் ஒலிப்பதிவுக் கருவி ஓடுவதைக் கண்டீர்கள்.

"ஐயோ, அதைப் படத்திலை போட்டிடாதை. சனம் சிரிக்கும்."

"ஓம் அண்ணை, போடமாட்டன்" என்றேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு, படத்தொகுப்பில் அந்தக் குரலை எத்தனையோ தரம் வெட்டினேன், திரும்ப ஒட்டினேன். கடைசியில் வாக்கை மீறிப் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை நூலக மண்டபத்தில் படத்தைத் திரையிட்டோம். உங்கள் குரல் வந்தபோது நான் திரையை விட்டுச் சனத்தின் முகங்களைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. விளக்குப் போட்டதும் ஹெயிட்டியில் பிறந்த ஒரு மூதாட்டி எழுந்து பிரெஞ்சில் பேசினார். நாற்பது வருடமாக வேலிக்கு எதிரே குடியிருக்கிறாராம். அந்தப் படலை வழியே ஒருநாளும் போனதில்லையாம். யாரும் தடுத்ததும் இல்லையாம். வேறு யாரும் அப்படி இருக்கிறீர்களா என்று கேட்டார். வரிசை வரிசையாகக் கைகள் உயர்ந்தன.

நான் ஒருவன்தான் அப்படி மோடனாக, முட்டாளாக நின்றேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தீர்கள். இல்லை அண்ணை, இல்லை. இதை உங்களிடம் சொல்ல முடியாமல் சுமந்துகொண்டு திரிகிறேன்.