பின்சில்லுக்கு நூல் பிடித்தோம்

இஞ்சாரும்,

எழுத்து கோணல்மாணலாகக் கிடக்கிறது என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகிறது. 'ண'வுக்கு எத்தனை சுழி என்று ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்கிறேன். தாளின் ஓரத்தில் கறுப்பாக இருப்பது மை இல்லை, கிறீசு. கழுவியும் விரலில் அந்த மணம் போகவில்லை. போகட்டும் என்று நானும் பெரிதாகக் கழுவவில்லை. பேனையைப் பிடித்த கையை மூக்கருகே கொண்டுபோனால் நீரும் நானும் பின்வளவில் குந்தியிருந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வந்துவிடுகின்றன.

மேலே உம்முடைய பேர் இல்லாததைக் கண்டிருப்பீர். உம்முடைய பேர் ஒரு வடமொழி எழுத்தில் தொடங்குகிறது. எனக்குச் சொல்லித்தருகிற ரீச்சர் அந்த எழுத்துகளைக் கடைசிக்கு வைத்திருக்கிறார். மகளைக் கேட்டால் எழுதிக் காட்டுவாள்தான். ஆனால் பார்த்து வரைந்தால் அது படம், எழுத்தில்லை. அதனால் கொஞ்சம் இடம் விட்டு, நான் உம்மைக் கூப்பிடுகிற மாதிரியே தொடங்கிவிட்டேன்.

ஓம், நான் எழுதப் பழகுகிறேன்! "என்ரை பேரையாவது எழுதப் பழகுங்கோவன்" என்று நீர் எத்தனை தரம் கேட்டிருப்பீர். "எனக்கேன் எழுத்து? நீர் இருக்கிறீர் தானே" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் சரிந்துவிடுவேன். பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய வயதில் சைக்கிள் கடைக்குப் போனவனுடைய திமிர் அது. நீர் கண்மூடி இத்தனை வருசத்துக்குப் பிறகு, இப்போது சனிக்கிழமைகளில் வெம்பிளியில் முதியோர் கூடுகிற மண்டபத்தில் எனக்கு வகுப்பு. அரிசிப் பையில் இருந்து கோயில் அறிவித்தல் வரை கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். அந்த வாசிப்புத்தான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. கேளும்.

குளிர் முடிந்த கையோடு எங்கள் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பின் ரயர் மாற்றினேன். சில்லைத் திரும்பப் பூட்டும்போது அச்சின் இரண்டு பக்கமும் இரும்பில் வெட்டியிருக்கிற கோடுகளையும் இலக்கங்களையும் பார்த்தேன். முன்பு நாங்கள் அவற்றைத் திரும்பியும் பார்த்ததில்லை. இப்போதோ நான் படித்த மனிசன்! இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கமும் மூன்று. சரி, நேர் என்று இறுக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து அது இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. கொஞ்சம் வேகம் எடுத்தால் பின்பக்கம் மீன்வால் மாதிரி அடிக்கும். ரயருக்குக் காற்றைக் கூட்டினேன், குறைத்தேன். முன் தண்டைக் கழற்றிக் கழுத்துக்குள் இருக்கிற இரும்புக் குண்டுகளைக் கழுவிப் புதுக் கிறீசு வைத்தேன். முன்சில்லைத் தாங்குகிற இரண்டு கால்களின் பழைய எண்ணெயை வடித்துப் புதிது விட்டேன். ஆட்டம் நிற்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மகள் தன்னுடைய காரில் எனக்குப் பின்னால் வந்திருக்கிறாள். வீட்டுக்குள் வந்து கைப்பையை எறிந்த விதத்திலேயே விளங்கியது.

"அப்பா, உங்கடை பின்சில்லு ஆடின ஆட்டத்தைப் பாத்து நான் காரை நிப்பாட்டிட்டன். விழுந்து முறிச்சால் ஆர் பாக்கிறது?"

"நான் விழேல்லையே பிள்ளை."

"இன்னும் விழேல்லை. மோட்டார் சைக்கிளை ஒரு வெள்ளைக்காரர் வாங்கக் கேட்டவர். ஞாயிற்றுக்கிழமை ஏத்திக்கொண்டு போக வானோடை வருவார். குடுக்கிறம். பிளீசு அப்பா."

"அதுக்குள்ளை நேரா ஓடினால்?"

"நேரா ஓடினால் அவரை வரவேண்டாமெண்டு சொல்லுறன். ஆனால் ஓடாது."

உம்மைப் போலவே கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள். கொட்டிலில் அது இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க ஏலவில்லை. லண்டனில் நீர் முதன்முதலாக அதில் ஏறிய நாள் ஞாபகம் வந்தது. ஊரில் ஏறுகிற மாதிரி ஒருபக்கமாக ஏறி இருந்தீர். சந்தியில் பொலிசுக்காரர் மறித்து இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் இருக்கவேண்டும் என்றார். அடுத்த கிழமை மகளுடைய பள்ளிக்கூட விளையாட்டுக் காற்சட்டையைச் சேலைக்குள் மாட்டிக்கொண்டு வந்து, "இப்ப என்ன சொல்லுவாராம்?" என்று ஏறினீர். வளைவுகளில் நான் ஒரு பக்கம் சாய நீர் மற்றப் பக்கம் சாய்வீர். "என்னோடை சாயுமப்பா!" என்று நான் கத்த, "ரெண்டு பேரும் சாஞ்சால் ஆர் நிமித்திறது?" என்று காதுக்குள் கத்துவீர்.

மறுநாள் வகுப்புக்கு மனமில்லாமல்தான் போனேன். ரீச்சர் பலகையில் ஒரு சொல்லை எழுதினார். எழுத்துக் கூட்டி வாசித்தோம். நூல்.

"நூல் எண்டால் என்ன?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருக்கிற மாமி உடனே, "புத்தகம்" என்றா.

நான், "சில்லு நேர் பாக்கிறது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"சில்லுக்கும் நூலுக்கும் என்ன தொடர்பு ஐயா?" என்று ரீச்சர் கேட்டார்.

"பின் ரயரிலை நூலைச் சுத்தி, ரெண்டு பக்கத்தாலையும் முன்சில்லு வரைக்கும் இழுத்துப் பிடிச்சால்..." என்று தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று மூன்று என்று கோட்டை வாசித்த மனிசன் நூல் பிடிக்கவே இல்லை! நீர் அந்தக் கோடுகளைப் பற்றிச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "உந்தக் கோடு வெட்டினவன் எங்கடை சில்லைப் பாத்தே வெட்டினவன்? நூலைப் பிடியுங்கோ."

எழும்பிவிட்டேன். "ரீச்சர், நான் வீட்டை போறன்."

"பாடம் முடியேல்லையே ஐயா?"

"எனக்கு நூல் கிடைச்சிட்டுது ரீச்சர்."

மாமி விடவில்லை. "நூலோடை ஓடுறார், பட்டம் விடப்போறார் போலை. அரிச்சுவடியே முடியேல்லை, அதுக்குள்ளை பட்டம்!" வாசல் தாண்டியும் சிரிப்புக் கேட்டது. நானும் சிரித்துக்கொண்டுதான் ஓடினேன்.

நீர் பிசுக்கோத்துத் தகரப் பேணிக்குள் சுற்றி வைத்த வெள்ளை நூல் அப்படியே இருந்தது. ஆனால் நூல் பிடிக்க இரண்டு பேர் வேண்டுமே. மகளைக் கூப்பிட்டேன். "விக்கப்போற சாமானுக்கு இதேன்?" என்று முணுமுணுத்தபடி வந்தாள். நூலை முன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, நீர் குந்துகிற இடத்தில், பின்சில்லின் அருகே அவளைக் குந்தச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அப்பா, லெப்டிலை ரயரிலை ரெண்டு இடத்திலையும் முட்டுது. ரைட்டிலை பின்னாலை மட்டும்தான் முட்டுது. முன்னாலை இடைவெளி."

நூலின் இரண்டு நுனியையும் முன்னால் இரண்டு கதிரைக் கால்களில் அதே இழுவையில் கட்டிவிட்டுப் பின்னுக்கு வந்தேன். வலப்பக்கம் அச்சை மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். "இன்னும்... இன்னும் ஒரு பொட்டு... நில்லுங்கோ! முட்டுது, முட்டுது!" கத்தினது அவள்தான். இறுக்கிவிட்டுக் கோட்டைப் பார்த்தால் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் கிட்டத்தட்ட நான்கு. எங்களிடம் வருமுன்னரே யாரோ விழுத்தி, பின்பக்க இரும்பு வளைந்திருக்கவேண்டும். நீர் அதைக் கோட்டைப் பார்க்காமலே கண்டுபிடித்திருக்கிறீர்.

கெல்மெட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். அவள் காரில் பின்னால் வந்தாள். உதைபந்தாட்ட மைதானப் பக்கம் போனேன். அதன் வாசலில் உமக்குத் தெரிந்த இரண்டு கோபுரங்களையும் இடித்துவிட்டார்கள், இப்போது வானத்தில் ஒரு பெரிய வளைவு நிற்கிறது. அதை நேரே பார்த்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினேன். இழுக்கவில்லை. இன்னும் கூட்டினேன். ஆடவில்லை! இடக்கையை மெல்லத் தளர்த்தினேன். அது தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. கெல்மெட்டுக்குள்ளே நான் என்னென்ன கத்தினேனோ தெரியாது.

வீட்டுவாசலில் அவள் இறங்கி வந்தாள். எப்போதும் ஆங்கிலத்தில் பாராட்டுகிறவள், "நூல் பிடிச்ச மாதிரிப் போச்சுதப்பா" என்றாள். சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்து அந்த வெள்ளைக்காரரை வரவேண்டாம் என்றாள். பிறகு, கொட்டிலில் தொங்குகிற உம்முடைய கெல்மெட்டைத் தூசி தட்டி எடுத்துவந்து, "என்னையும் ஒருக்கா ஏத்துங்கோ" என்றாள்.

ஏற்றிக்கொண்டு போனேன். முதல் வளைவிலேயே நான் ஒரு பக்கம் சாய, அவள் மற்றப் பக்கம் சாய்ந்தாள்! அந்த ஆட்டத்துக்கு நூல் கிடையாது. திருத்தவும் மாட்டேன். வீடு வரும்வரை முதுகில் அந்தப் பாரத்தோடு சிரித்துக்கொண்டே வந்தேன்.

நூலைத் திரும்பப் பேணிக்குள் சுற்றி வைத்துவிட்டேன். வாற சனிக்கிழமை ரீச்சர் உம்முடைய பேரின் முதல் எழுத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரமே இதே மேசையில் குந்துவேன். முதலில் இந்தத் தாளின் மேலே விட்ட இடத்தில் உம்முடைய பேர். பிறகு புதுத் தாள் எடுத்து, அதற்கும் முதல் வரியில் உம்முடைய பேர்.