கேஜில் ஏறி வரும் அம்மன்

ஆடி 6, செவ்வாய்

விடியும்போதே தூறல். துணி காயவில்லை. இவருக்குச் சொட்டு மருந்து மூன்று வேளை, வலது கண்ணில் மட்டும். இடது போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆடி 22, வியாழன், கோலாரில் கண்ணுக்கு ஊசி. போட்டால் இருக்கிற பார்வை கொஞ்ச காலம் நிற்குமாம். தள்ளிப்போடக் கூடாதாம்.

மாலை பெங்களூரிலிருந்து போன். சுமதி என்று ஒரு பெண், பேங்கில் வேலை. படம் தொடங்குமுன் வரும் விநியோகக் கம்பெனி லோகோக்களைத் தேடிப்பிடித்து, எது முதலில் எது பிறகு என்று வரிசையாக இணையத்தில் போடுகிறாளாம். "ஆன்ட்டி, தங்கமாரி பிலிம்ஸ் உங்களுதுதானே?" என்றாள். நான் பதில் சொல்லுமுன் கட்டிலிலிருந்து இவர், "ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு!"

ஊசியே வேண்டாம் என்று ஒரு மாசமாக முரண்டு. போனை வைத்ததும், "ஊசிக்கு எத்தினி மணி பஸ்?" என்றார். தாயே, உன் வேலைதான்.

ஆடி 7, புதன்

காலையில் இவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சுமதிக்கு அனுப்ப. லோகோ என்று சொல்ல மாட்டார், எம்பளம்தான்.

முதல் எம்பளம் – அசையாது. போர்டு எழுதுகிறவர் அட்டையில் வரைந்த அம்மன், கீழே கம்பெனிப் பேர். ஊதுவத்தி கொளுத்தி அதன் புகையை முன்னால் விட்டுப் படம் பிடித்தது. அசைந்தது புகை மட்டும்தான்.

இரண்டாவது – கேஜ். சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்குகிற அதே கேஜ். இருட்டு. மணி அடிக்கும். கேஜ் கீழிருந்து ஏறி வரும். கதவு திறக்கும். உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் அம்மன் உட்கார்ந்திருப்பாள், மெதுவாகக் கண் திறப்பாள். பன்னிரண்டு விநாடி. மெட்ராஸில் ஒரு ஓவியர் ஒவ்வொரு கட்டமாகக் கையால் வரைந்தது. இவர் யோசனை.

மூன்றாவது – கம்ப்யூட்டர். மைன் மூடின பிறகு, கேஜ் எதற்கு என்று பார்ட்னர் மாற்றியது. காசு மழை, எழுத்து சுற்றும், கன்னடத்திலும் பேர். இவர் அதைப் பற்றிச் சொன்னது ஒரே வார்த்தை. எழுதவில்லை.

சாம்பியன் சினிமா கொட்டகையில் கேஜ் மணி அடித்தால் ஒரே கத்தலாம். "டேய், ஷிப்ட் முடிஞ்சிச்சு, ஏறுங்கடா!" என்று பெஞ்சில் ஏறி நிற்பார்களாம். ஒரு அம்மா மட்டும் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்ளும், புருஷன் சுரங்கத்தில் அறுபதாவது லெவலில் செத்துப்போனவர். அதையும் எழுது என்றார். எழுதினேன்.

முதலும் மூன்றும் சுமதியிடம் இருக்கின்றன. கேஜ் எங்கும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு ரீல், எங்கள் வீட்டில்.

ஆடி 9, வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் ஊற்றினேன். வேப்பிலை, எலுமிச்சை மாலை. காற்று தாங்கவில்லை, விளக்கு இரண்டு தரம் அணைந்தது.

பூஜை அலமாரியிலிருந்து ரீல் டப்பாவை இறக்கினேன். இத்தனை வருஷமும் அம்மன் படத்துக்குப் பக்கத்தில்தான். ஆபீஸைக் காலி செய்த அன்று இவர் என் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சிக்கோ" என்றார். இந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் ஏது?

கொண்டுபோனது தாசண்ணன், கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். மகளைப் பார்க்கப் பெங்களூர் போகிறார், அப்படியே சுமதியிடம் கொடுத்துவிடுவார். டப்பாவை முகர்ந்து, "அண்ணி, இன்னா இது? உள்ள ஊறுகா போட்டு வெச்சிக்கிறீங்களா? புளிப்பா நாத்தம் அடிக்குது." இவர் சிரித்தார். சிரித்து எத்தனை நாள்.

"தாசு, தலைகீழ மாட்டிப்புடாதீங்கடான்னு சொல்லு அவங்ககிட்ட."

"ஒரே ஒரு தபா மாட்டினேன், சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருப்பீங்களாண்ணா?"

ஆடி 13, செவ்வாய்

தூறல். அரிசி களைந்து வைத்து மறந்துவிட்டேன். சுமதி போன் இல்லை.

இவர் மதியம் ஜன்னல் பக்கம் கையை நீட்டி விரல் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரியாது. பிறகு சொன்னார்: "இந்தக் கண்ணு போறதுக்குள்ள அந்தக் கேஜ் ஒரு தபா ஏறி வந்தாப் போதும். படம் எடுத்தது யாரோ, நடிச்சது யாரோ. அந்தப் பன்னெண்டு விநாடிதான் என்னுது."

ஆடி 16, வெள்ளி

காலையில் சுமதி போன். குரல் சரியில்லை. கொல்லைப்புறம் போய்ப் பேசினேன்.

பிலிம் கெட்டுப்போயிருக்கிறது. சூடு, புகை, ஈரம். அந்தப் புளிப்பு வாசனை அதன் அடையாளமாம். ஆனாலும் மற்ற இடமெல்லாம் ஓரளவு தெரிகிறதாம். முன்பக்கம் இருபது அடி மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. பிரித்தால் படலம் உரிந்து வருகிறது. அந்த இருபது அடியில்தான் எம்பளம்.

"ஆன்ட்டி, கரெக்டா நடுவுல செவப்பா, மஞ்சளா ஏதோ பூசியிருக்கு. என்ன கெமிக்கல்னு லேப்ல கேக்குறாங்க."

தெரியலம்மா என்றேன்.

தெரியும். ஆயுத பூஜைக்கு எல்லா விநியோக ஆபீஸிலும் ரீல் டப்பாவுக்குப் பொட்டு வைப்பார்கள். வெளியே, மூடிமேல். எனக்கு அது போதவில்லை. உள்ளே அம்மன் உட்கார்ந்திருக்க, தகரத்துக்கு எதற்குப் பொட்டு? டப்பாவைத் திறந்து, முன்பக்கம் உருவி, வெளிச்சத்தில் பிடித்து, முகம் தெரிகிற கட்டமாகப் பார்த்து, பன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, சந்தனம், குங்குமம். திரும்பச் சுற்றி மூடி, விளக்குப் பக்கத்தில். இவர் எழுமுன் விடிகாலையில் செய்வேன், பார்த்ததில்லை.

பழைய நோட்டுகளை எடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் என் கையெழுத்திலேயே இருக்கிறது. "ரீல் அம்மனுக்குப் பன்னீர், சந்தனம், குங்கும அர்ச்சனை." ஒரு வருஷமும் விடவில்லை. பள்ளிக்கூடம் போகாதவள் நான். டப்பாமேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்தே கற்றேன். உள்ளே இருப்பதைத் தண்ணீர் தொடக் கூடாது என்று எந்தச் சீட்டிலும் இல்லை.

சாயங்காலம் விளக்கு ஏற்றினேன். வேண்டிக்கொள்ள ஒன்றும் வரவில்லை.

ஆடி 17, சனி

இவர்: "அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு?"

"வேலை நடக்குதாம்."

சொட்டு மருந்து மூன்று வேளை. பேன் பார்த்துக்கொள்ள வந்த எதிர்வீட்டுப் பெண்ணிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம்.

ஆடி 20, செவ்வாய்

மழை இல்லை. சுமதி கிடைத்ததைப் போனுக்கு அனுப்பிவிட்டாள். மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாள், அவள் எதற்குக் கேட்க வேண்டும். படம் மீளவில்லை. சத்தம் முழுசாகக் கிடைத்ததாம். சத்தம் பிலிமின் ஓரத்தில் ஓடுகிற கோடு. நான் பூசினது நடுவில்.

முதலில் நான் பார்த்தேன். வெளுத்த திரை. பழுப்புக் கறைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. அவ்வளவுதான்.

இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குள் சத்தம் கேட்டுவிட்டது அவருக்கு. போனைப் பிடுங்கிக்கொண்டார். மணி. கேஜ் உரசி ஏறுகிற சத்தம். கதவு. நாதஸ்வரம். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, வலது கண்ணை அகல வைத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். மூன்று தரம்.

"படம் வருதா?"

வாயிலிருந்து வந்துவிட்டது. "வருதுங்க."

"அம்மா தெரியறாங்களா?"

"நல்லாத் தெரியறாங்க."

போனை மடியில் வைத்தார். "எனக்கு வெறும் வெளுப்பாத்தான் கீது" என்றார். வலது கண்ணைக் கையால் மூடி, "சரி. இதுவும் போச்சு."

இன்று காலையில்தான் அந்தக் கண்ணாலேயே காலண்டரில் தேதி பார்த்துச் சொன்னவர்.

ஆடி 21, புதன்

சொட்டு மருந்து ஒரு வேளையும் விட விடவில்லை. "இன்னாத்துக்கு? அணையப்போற விளக்குத் திரி மாதிரி கீற கண்ணுக்கு மருந்து."

தாசண்ணன் வந்தார். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் துணை வருகிறேன் என்றார். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "அம்மா மொகமே தெரியல தாசு. ஊசி போட்டு யார் மொகத்தைப் பாக்கணும், உன்னுதா?"

"ஏன், எம்மொகத்துக்கு இன்னா கொறைச்சல்?" என்றார் தாசண்ணன். இவர் சிரிக்கவில்லை.

வாசலில் என்னிடம்: "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணி. நீங்க சொன்னாத்தான் வருவாரு."

ஒரு வார்த்தைதான். இன்று முழுதும் அதை வாயில் வைத்துக்கொண்டு இருந்தேன். சோறு போடும்போது. கால் பிடிக்கும்போது. 'உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குது, படத்தை நான்தான் அழிச்சேன்.' சொன்னால் ஊசிக்கு வருவார். பன்னிரண்டு விநாடி போய்விடும், அதை அழித்த கையால் சோறு வாங்கிச் சாப்பிட வேண்டும். சொல்லாவிட்டால் கண். கோயிலில் பூ கட்டிப் போட்டு, சொல்லவா வேண்டாமா என்று குறி கேட்கலாம் என்று நினைத்தேன். யாரைக் கேட்க? அவள் முகத்தைத்தான் துடைத்துவிட்டேனே.

ஆடி 22, வியாழன்

வெயில். பத்து மணி பஸ். ஆஸ்பத்திரிச் சீட்டு, பழைய ரிப்போர்ட், தண்ணீர் பாட்டில், அவருக்குக் கருப்புக் கண்ணாடி, பிஸ்கட். எல்லாம் எடுத்துப் பையில் வைத்தாயிற்று. வேட்டியும் கட்டிவிட்டேன், தடுக்கவில்லை. தாசண்ணன் வாசலில், "அண்ணி, கெளம்பலாமா?"

சொல்லிவிடுவது என்று கட்டிலில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். அதற்குள் இவர் போனை எடுத்து என் கையில் வைத்தார்.

"எனக்குத்தான் தெரியல. உனக்குத் தெரியுதில்ல? போட்டுட்டு சொல்லிக்கினே வா. மொதல்ல இருந்து."

போட்டேன். மணி அடித்தது. கறை ஓடியது.

"இருட்டா இருக்குதுங்க. இப்ப கேஜ் ஏறி வருது."

"கம்பி தெரியுதா?"

"தெரியுது."

"கதவு ரெண்டாத் தொறக்கும், பாரு."

"ரெண்டாத்தான் தொறக்குது. மஞ்சளா வெளிச்சம்."

முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு கொட்டகையில் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாரே, அதே முகம். "நெத்தியில பொட்டு பெருசா வெச்சிருப்பான் அந்த ஓவியன். கண்ணு தொறக்கறதுக்கு முன்னால அதான் தெரியும். தெரியுதா?"

தெரியுது என்றேன். இன்னொரு தபா போடு என்றார். போட்டேன். அப்புறம் இன்னொரு தபா. வாசலில் தாசண்ணன் இரண்டு தரம் கூப்பிட்டார். பத்து மணி பஸ் மேட்டில் ஏறித் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் கதவு திறப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.