வதனி என்று திரும்பிய முகம்

தோழி,

இன்று காலை கல்லடிக் கடற்கரையில், இறந்தவர்களின் வரிசையில் என் முகத்தைப் பார்த்தேன். சுனாமி நினைவு நாளுக்குக் கட்டியிருந்த பதாகை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அதன் நடுவில், மாம்பழ நிறச் சேலையில், யாரோ கூப்பிட்டுத் திரும்பியவளைப் போல நான். கீழே என் பெயர் இல்லை. ‘வதனி’ என்று இருந்தது. நீ எடுத்த படம்.

முதலில் கண்டவர் என் கணவர்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இது நீதானே?" என்றார். நம்முடைய அந்தக் கதை அவருக்குத் தெரியாது. அங்கேயே நின்று சொன்னேன். "என்னத்தச் சொன்னாலும் உயிரோட இருக்கிற ஆளுட படம் இதுக்குள்ள இருக்கக் கூடாது. இண்டைக்கே போய்க் கழட்டச் சொல்லு" என்றார். அவர் பயப்பட்டதை இன்றுதான் முதன்முறை பார்த்தேன்.

உனக்கு நினைவிருக்கும். எல்லாரும் போனில் படம் எடுத்துத் தள்ளிய காலத்தில், நீ மட்டும் உன் பெரியப்பாவின் பழைய கமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்தாய். கலர் பிலிம் கிடைப்பதே பாடு. எடுத்த ரோலைக் கொழும்புக்கு அனுப்பிக் கழுவி எடுக்க வாரக்கணக்கில் காத்திருப்பாய். ஏன் இந்தக் கரைச்சல் என்று கேட்டால், "போன்ல எடுத்தா உடனே வாங்கிப் பாப்பாங்க. பாத்த உடனே முகத்த மாத்திருவாங்க. இதுல பாக்க ஏலாதுதானே, அவங்க அவங்களாவே இருப்பாங்க" என்பாய். அந்த பிலிம் பகல் வெளிச்சத்துக்கென்றே செய்தது. ரியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் முகமெல்லாம் பச்சை பாய்ந்துவிடும் என்று, யாரையும் வீட்டுக்குள் வைத்து எடுக்க மாட்டாய். வாவிக்கரைக்குக் கூட்டிவந்து, வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்துவாய். வெள்ளைப் படுக்கைவிரிப்பைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்புவது என் வேலை. "கொஞ்சம் இஞ்சால கிறுகு, முகத்த மட்டும் திருப்பு. இப்ப மூச்ச விடு." விட்ட மூச்சு முடியுமிடத்தில் உன் கமரா ‘டக்’ என்னும்.

கனகம்மா நம்மைத் தேடி வந்தது அப்படி ஒரு காலையில்தான். கடல் அவருடைய மகளைக் கொண்டுபோனது. வீட்டையும் அதிலிருந்த படங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோனது. அடையாள அட்டைகூட மிஞ்சவில்லை. அவர் உன்னைப் பார்க்கவில்லை. விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உன் கையைப் பிடித்தார்.

"இந்தப் புள்ளைக்குக் கண்ணும் நெத்தியும் என்ட வதனி மாதிரியே இருக்கு. வதனியா வெச்சு ஒரு படம் எடுத்துத் தாங்க மகள்."

நீ மறுத்துவிட்டாய். அவ்வளவு மெதுவாக நீ யாரோடும் பேசி நான் கேட்டதில்லை. "வேணாம் அம்மா. கொஞ்ச நாள் போக, இந்த முகந்தான் உங்கட மனசில நிக்கும். அவட முகம் போயிரும்."

"இப்பவே போகுது புள்ள. குரல் இருக்கு, முகந்தான் கொஞ்சம் கொஞ்சமாப் போகுது. வெறுஞ்சுவரப் பாத்து எப்பிடி அழுறது?"

நான்தான் சரி என்றேன்.

அடுத்த வாரம் அவருடைய புதிய வீட்டின் பின்பக்கம், வாவி தெரிகிற இடத்தில் என்னை நீங்கள் இருவரும் இருத்தினீர்கள். வதனியின் சேலையும் கடலோடு போயிற்று. அதே நிறத்தில் ஒன்றைக் கடை கடையாகத் தேடி வாங்கி வைத்திருந்தார் கனகம்மா. என் தலையை அவரே வாரினார். வகிட்டைக் கலைத்து ஓரமாக எடுத்தார். "பொட்ட இன்னும் மேல வைக்கணும். சிரிக்காத புள்ள, அவ பல்லுக் காட்ட மாட்டா." அவர் விரல்கள் என் கன்னத்தில் எதையோ தேடிக்கொண்டே இருந்தன. வாவி அன்று அசையாமல் கிடந்தது. நீ கமராவைக் கண்ணில் வைப்பாய், இறக்குவாய். "மூச்ச விடு" என்று நீ சொல்லவேயில்லை. அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து கனகம்மா கூப்பிட்டார்.

"வதனி!"

நான் திரும்பினேன். ‘டக்’ என்றது.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் ஸ்கூட்டியை நிறுத்தினாய். என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக் கேட்டாய்:

"நீ ஏன்கா திரும்பினாய்?"

"கூப்பிட்டாங்க."

"உன்னையில்லையே."

ஸ்கூட்டியைக் கிளப்பினாய். படம் கொழும்பிலிருந்து வந்ததும் நீ தனியாகவே கொண்டுபோய்க் கொடுத்தாய். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "என்ட தலையத் தடவிக்கொண்டே இருந்தாங்க" என்றாய். அதன் பிறகு மாதத்தில் ஒரு தடவையாவது நீ அந்த வீட்டுக்குப் போய்வந்தாய். என்னை ஒரு நாளும் கூப்பிடவில்லை.

மறு மாரியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தபோது, ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் நன்றாக விழுகிறது என்று சொன்னாய். அடுத்த நாள் வந்தேன். கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். நீ இல்லாமல் எத்தனையோ வருடங்கள் போய்விட்டன. கனகம்மாவின் தெருப் பக்கம் நான் போனதே இல்லை. என் கலியாணத்தில் படம் எடுத்தவன், "அக்கா, ஏன் ஒவ்வொரு படத்திலயும் அங்கால பாக்கிறீங்க?" என்று சலித்துக்கொண்டான்.

இன்று பின்னேரம் போனேன். மருமகள் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. பதாகைக்குப் படம் கொடுத்தது அவள்தான். வீட்டில் இருந்த வதனியின் படம் அது ஒன்றுதானே, கதை தெரியாதவள். கழற்றச் சொல்ல வந்தேன் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. உள்ளே கனகம்மா நாற்காலியில் இருந்தார். மெலிந்து சிறுத்துப்போயிருந்தார். அவருக்கு மேலே சுவரில், மாலைக்குள், நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஆரு புள்ள?"

பெயரைச் சொன்னேன். அவருக்கு அது ஒன்றுமில்லை. சுவரைக் காட்டி, "இதுதான் என்ட மகள்" என்றார்.

"உங்கட மகள் இப்பிடித்தான் இருந்தாவா அம்மா?" ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். "இப்பிடித்தான் இருந்திருப்பா. வேற முகம் எனக்கு வருகுதில்லையே."

நீ சொன்னது நடந்துவிட்டது, தோழி. வதனிக்கு இந்த உலகத்தில் இருந்த கடைசி இடம் அந்த அம்மாவின் மனம். அங்கேயும் இப்போது நான்தான் இருக்கிறேன். அது வதனி இல்லை என்று சொல்லிப் படத்தைக் கழற்றினால் அவருக்கு என்ன மிஞ்சும்? கேட்க வந்ததைக் கேட்காமல் எழும்பினேன். கணவர் இரவுக்குச் சத்தம் போடுவார், போடட்டும்.

வாசலுக்கு வந்த என்னைக் கனகம்மா கூப்பிட்டார். "புள்ள, இந்தப் படம் எடுத்த மகளத் தெரியுமா உனக்கு? முந்தி அடிக்கடி வருவா. இப்ப வாறதேயில்ல. சுகமா இருக்காவா?"

மருமகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம் அம்மா. நல்ல சுகமா இருக்கா. பிலிம் கழுவக் கொழும்புக்குப் போயிருக்கா."

அவர் முகம் தெளிந்தது. "வந்தா ஒருக்கா இஞ்சால வந்துட்டுப் போகச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.