வீட்டில் துக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவில்லை. நீ நலமாகத்தான் இருக்க வேண்டும். அப்பா தூங்கிவிட்டார். குளியலறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் திட்டாதே.

நீ போட்டோக் கடை அண்ணாவைக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து அம்மா தையல் மிஷினில் உட்காரவே இல்லை. டாக்டர் வீட்டுச் சட்டை ஒற்றைக் கையோடு கிடக்கிறது. சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். தனியாக விடப் பயமாக இருந்தது. அதனால் இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை.

லீவு லெட்டரில் என்ன எழுதுவது? காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு கேட்பார்கள். வருத்தம் என்பது மார்க் குறைந்தால் டீச்சர் படுவது. கவலை எனக்கே தினமும் இருக்கிறது. சோகம் என்றால் சினிமா மாதிரி. அம்மாவுக்கு இருப்பது துக்கம்தான் என்று தோன்றியது. "வீட்டில் துக்கம், அதனால் வர இயலவில்லை" என்று எழுதினேன். அம்மா படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

டீச்சர் அதைப் படித்ததும் எழுந்துவிட்டார். "ஐயோ, யாரும்மா?" என்றார். யாரால் துக்கம் என்று கேட்பதாக நினைத்து, "அக்கா" என்றேன்.

அவ்வளவுதான். வகுப்பே எழுந்து நின்று உனக்காக மௌனம் காத்தது. ரப்பர்கூடக் கடன் தராத என் பெஞ்சுக்காரி, "ஏன்டி, எங்கிட்டகூட சொல்லல?" என்று அழுது, கலர் பென்சில் பெட்டியையே கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு எப்படி இல்லை என்பது? பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

வருகிற சனிக்கிழமை காலை டீச்சர் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வருகிறார். பெஞ்சுக்காரியும் வருகிறாள். அப்பா என்னை அடிப்பார். அது பரவாயில்லை, அதற்காக இதை எழுதவில்லை. நீ போன அன்று அவர் சொன்னது உனக்குத் தெரியாது. "அவ செத்துட்டா. இனி யாரும் அவ பேச்ச எடுக்கக் கூடாது" என்றார். எல்லாப் போனிலிருந்தும் உன் நம்பரை அழித்தார். டீச்சர் வாசலில் நின்று, "பெரிய பொண்ணு தவறிட்டாளாமே" என்று கேட்கும்போது அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? நாலு பேர் முன்னால் சொன்ன எதையும் அப்பா மாற்றிக்கொண்டதில்லை, அக்கா. உள்ளறையில் அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள்.

விடிந்ததும் இதைத் தபாலில் போட்டுவிடுவேன். உடனே கிளம்பு. கோபத்தோடு வந்தாலும் சரி, அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வா. டீச்சர் வரும்போது நீயே கதவைத் திற.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை மட்டும் இங்கே இரு.

உன்
வாலு