நான் வரைந்தாள்

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில்.

உங்கள் ஆபீஸ் ஸ்லைடுகளில் பன்னிரண்டு படத்துக்குக் கீழேயும் ‘என் மனைவி வரைந்தாள்’ என்று போட்டுத் தந்தேன். நீங்களோ போனில் மேனேஜரிடம், “அவ சும்மா கூட உக்காந்திருந்தா சார்” என்றீர்கள். அப்புறம் ‘என் மனைவி’யை எல்லாம் ஒரே அமுக்கில் ‘நான்’ ஆக்கினீர்கள்.

படித்துப் பார்த்தீர்களா? பன்னிரண்டிலும் ‘நான் வரைந்தாள்’ என்று நிற்கிறது.

மேனேஜருக்கு அனுப்பிவிடச் சொன்னீர்களே, ஒரு எழுத்துகூட மாற்றாமல் அனுப்பிவிட்டேன். பத்து மணிக்குப் பெரிய திரையில் எல்லோரும் படிப்பார்கள்.

பி.கு: லேப்டாப் பாஸ்வேர்டை எழுதி ஸ்கிரீனில் ஒட்டாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. மாற்றிவிட்டேன். புதியது, நான் முதலில் போட்ட அந்த மூன்று வார்த்தைதான். இடைவெளி விடாமல் அடியுங்கள்.