கீறல் விழக்கூடாத கொக்கி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கை கால் முழுசாக, ஆளுக்குப் பத்து விரலோடு நலம். உன் அப்பாவின் மரவேலையை நினைத்தால் விரலையும் சேர்த்துத்தான் நலம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீயும் அதே மாதிரி முழுசாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நீ அனுப்பிய போட்டோ வந்தது. காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் மஞ்சள் ஹெல்மெட்டோடு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். மற்றவர்கள் உன் சிரிப்பைப் பார்த்தார்கள். நான் எக்ஸ்ரே எடுத்துப் பிழைப்பவள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். உன்னைக் கோபுரத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய கொக்கி உன் இடுப்பில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. போனில் கேட்டதற்கு, "புதுக் கொக்கிம்மா, நல்லா வேலை செய்யறேன்னு குடுத்தாங்க, இரும்புல மாட்டினா கீறல் விழுது, படம் எடுக்கற நேரம் மட்டும்தான் கழட்டினேன்" என்றாய். நான் பட்டென்று போனை வைத்ததைக் கோபம் என்று நினைத்திருப்பாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது, அதைக் கேட்டால் அம்மாவுக்குப் பைத்தியம் என்று நீ முடிவு கட்டியிருப்பாய்.

உனக்கு வந்திருப்பது உன் அப்பா வீட்டு வியாதி. உயிரைக் காக்கிற சாமானை உயிரைவிடப் பத்திரமாக வைத்துக்கொள்கிற வியாதி. உன் சித்தப்பாவையே எடுத்துக்கொள். பேக்கரியில் வைக்க வாங்கிய தீயணைக்கும் சிலிண்டரை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வீட்டுப் பீரோவில் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். போன வாரம் அடுப்புப் பக்கத்தில் கிடந்த சாக்கில் தீப்பிடித்துவிட்டது. மனுஷன் வீட்டுக்கு ஓடிப் பீரோவைத் திறந்து, சிலிண்டரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள், வேலை செய்கிறவர்கள் வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்து, தரையையும் துடைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். சித்தப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தீ அணைந்ததற்கு என்று நினைத்தாயா, சிலிண்டரின் சீல் உடையவில்லையே என்று. "கடையே எரிஞ்சாலும் முதல்ல அதத்தான் காப்பாத்துவாரு, என்னை அப்புறம்தான்" என்கிறாள் உன் சித்தி.

உன் அப்பா மட்டும் சளைத்தவரா. பட்டறையில் வட்ட ரம்பத்துக்கு மேலே ஒரு மூடி உண்டு இல்லையா, மரத்தூள் பட்டு மங்கிப்போகிறது என்று அதைக் கழற்றித் துடைத்து, கூடத்துக் கண்ணாடி அலமாரியில் உன் ஓட்டப்பந்தயக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அங்கே ரம்பம் பல்லைக் காட்டிக்கொண்டு சுற்றுகிறது, இங்கே மூடி மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எத்தனை சொல்லியும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். சரி, வாயால் ஆகாது என்று பட்டறைக்கு லீவு நாளாகப் பார்த்து (நான் அவ்வளவு கொடுமைக்காரி இல்லை) அவருடைய புது மூக்குக்கண்ணாடியைப் பஞ்சில் சுற்றிப் பீரோவில் பூட்டினேன். எங்கே என்று கேட்டார். "புதுசுங்க, போட்டா கீறல் விழும், பத்திரமா இருக்கட்டும்" என்றேன். மத்தியானம் வரை வீறாப்பாக இருந்தார். காப்பியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அப்புறம் கொல்லைப்பக்கம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் நைட்டியிடம் போய் நின்று, "இன்னும் கோவமா இருக்கியா" என்று கேட்டார், அது வாயே திறக்கவில்லை. சாயங்காலம் மூடியைத் தூக்கிக்கொண்டு தட்டுத்தடுமாறிப் பட்டறைக்கு நடந்தார். நான் திருகாணி எடுத்துக் கொடுக்க, அவர் மாட்டி முடித்தார். அதற்கப்புறம்தான் கண்ணாடி அவர் மூக்குக்குப் போனது.

இதுவரை சிரித்திருப்பாய். மறுநாள் பலகை அறுக்கும்போது ஒரு துண்டு எகிறி வந்து மூடியில் மோதி, மூடி நசுங்கிவிட்டது. மூடி இல்லாவிட்டால் அந்தத் துண்டு நேரே அவர் முகத்துக்கு வந்திருக்கும். மனுஷன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். கை கழுவும்போது, திரும்பாமலேயே, "பாப்பாவுக்கு அந்தக் கொக்கிய மாட்டச் சொல்லி எழுது" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் எக்ஸ்ரே அறையில் கதிர் உடம்பில் படாமலிருக்க நாங்கள் போட்டுக்கொள்கிற ஈய அங்கிக்கே வருஷத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே எடுப்போம், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க. இருந்தால் ஒதுக்கிவிட்டு வேறு வாங்குவோம். அங்கிக்காக இதுவரை யாரும் கண்ணீர் விட்டதில்லை. கொக்கியும் அப்படித்தான் கண்ணு, தேய்ந்தால் வேறு தருவார்கள். உன்னை நான் எந்தக் கடையில் போய்க் கேட்பேன். இன்னொன்று, உன் மேலதிகாரியின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது, எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். கூப்பிட்டால் உன் ஒன்றாம் வகுப்புக் கதையிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஈரத்தலையோடு காற்றில் நிற்காதே. நூறு வயது நன்றாக இரு என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம், ஆனால் எங்கள் வாழ்த்து அந்த உயரத்துக்கு ஏறி வந்து உன்னைப் பிடித்துக்கொள்ளாது. மறக்காமல் ஒன்று செய். இனிமேல் சிரிக்கிற படமெல்லாம் வேண்டாம், கொக்கியை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுத்து அனுப்பு. அதில் கீறல் இருக்க வேண்டும், வாராவாரம் கூடிக்கொண்டே போக வேண்டும். அதைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இப்படிக்கு,
கீறலுக்காகக் காத்திருக்கும்
உன் அம்மா